இரண்டாம் இலக்கத்தையும் இடச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில்தான் இலங்கையில் முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்குகள் (வாக்காளர் 1, 2, 3 என வரிசையிட்டுத் தெரிவதில் 1க்கு அடுத்தவை) எண்ணப்பட்டன. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகள், சஜித் பிரேமதாச 4,363,035. எவரும் பாதியைத் தாண்டவில்லை. எனவே மற்ற வேட்பாளர்கள் அனைவரும் ஒரேயடியாக நீக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த சுமார் 33 இலட்சம் சீட்டுகளில் அடுத்த விருப்பு பார்க்கப்பட்டது. முதல் இருவருக்கும் அவற்றிலிருந்து வந்து சேர்ந்தவை 273,131 மட்டுமே. நூற்றுக்கு எட்டு! பாதிக்கு மேல் ஆதரவுள்ளவரைத் தெரிய வகுத்த முறை, செல்லுபடியான வாக்குகளில் 43 வீதத்தோடு நின்றுவிட்டது.

அயர்லாந்தில் 1990 ஜனாதிபதித் தேர்தலில் நடந்ததைப் பாருங்கள். முதல் எண்ணிக்கையில் பிரையன் லெனிஹன் முன்னிலை, மேரி ரொபின்சன் இரண்டாமிடம். மூன்றாமவரான ஒஸ்டின் கரியின் 267,902 சீட்டுகளில் 205,565 ரொபின்சனுக்கு மாறின, அவரே ஜனாதிபதியானார். அங்கே பத்தில் ஒன்பது சீட்டுகளில் அடுத்த விருப்பு இருந்தது.

நம்மவர்கள் இலக்கமிடாததற்குக் காரணம் உண்டு. 2 என்று போட்டால் 1க்குப் பாதகம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தவறு. உங்கள் முதல் தெரிவு நீக்கப்பட்டால் மட்டுமே 2 பார்க்கப்படும். அவரும் நீக்கப்பட்டவரானால் 3. முதல் தெரிவு இறுதி இருவரில் ஒருவரானால் மற்ற இலக்கங்களை யாரும் தொடப்போவதில்லை. அடுத்தது, பாராளுமன்றத் தேர்தல் பழக்கம். அங்கே கட்சிக்குப் புள்ளடியிட்டு, மூன்று வேட்பாளர் வரை சமமாகத் தெரிகிறோம். இங்கே 1, 2, 3 என்பது வரிசை.

சிறிய வேட்பாளருக்கு வாக்களிப்போருக்கே இது மிக முக்கியம். 1ஐ மனதுக்குப் பிடித்தவருக்கு இட்டாலும், 2 அல்லது 3 வெல்லக்கூடிய இருவரில் ஒருவருக்குப் போகவேண்டும். மூன்றையும் வாய்ப்பில்லாதவர்களுக்கே கொடுத்தால் அந்தச் சீட்டு இரண்டாம் எண்ணிக்கையில் ஒதுக்கப்பட்டுவிடும். ஒருவருக்கு மட்டும் என்றால் தனிப் புள்ளடி போதும். ஆனால் புள்ளடியையும் இலக்கங்களையும் ஒரே சீட்டில் கலக்க வேண்டாம். இருவருக்கு 1 இட்டால் வாக்கே போய்விடும்.

கிளிநொச்சியிலும் அம்பாறையிலும் கட்சிகள் தம் மேடைகளில் '1 மட்டும் இடுங்கள்' என்று சொல்வதை நிறுத்தட்டும். அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பே, 1, 2, 3 இட்ட மாதிரி வாக்குச்சீட்டைத் தங்கள் பத்திரிகை முதற்பக்கத்தில் அச்சிட வேண்டுகிறோம்.