கன்று நடுவதற்கு முன் கணக்கு: குமரி மாவட்டத் தொழில் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முந்திரி ஆலை, ஐஸ் ஆலை, தங்கும் விடுதி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டத்தில் உங்களில் சிலருக்குப் பல ஆண்டுகளாக வரவு செலவு எழுதி வருபவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கடந்த ஜூன் மாதம் ஒரு நிறுவனம் தன் மதிலோரம் ஐம்பது கன்றுகளை நட்டு, ‘எங்கள் கார்பனை ஈடு செய்துவிட்டோம்’ என்று தட்டி வைத்தது. பிப்ரவரியில் அவ்வழியே போனபோது, கன்றுகளுக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கில் குச்சிகள் மட்டுமே நின்றன. அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை; எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டோம் என்ற கணக்கு அவர்களிடம் இல்லை என்பதே என் வருத்தம்.

அந்தக் கணக்குக்கு வேண்டிய தாள்கள் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளியாகிறது; நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. மாதம் 4,000 யூனிட் மின்சாரமும் ஜெனரேட்டருக்கு 250 லிட்டர் டீசலும் செலவாகும் ஓர் ஆலை, ஆண்டுக்கு 41 டன்னுக்கு மேல் வெளியிடுகிறது. வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 20 கிலோ அளவில் உறிஞ்சும் என்ற பொதுவான மதிப்பீட்டை வைத்துக்கொண்டாலும், அதை ஈடு செய்ய இரண்டாயிரம் மரங்களுக்கு மேல் வேண்டும்.

இந்த வெளியீட்டை மூன்று வகையாகப் பிரித்து எழுத வேண்டும்: வளாகத்தில் எரிப்பது முதல் வகை, வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை, ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை அண்டி (ஓடு நீக்காத முந்திரிக்கொட்டை) வரும் கப்பலும் லாரியும் போன்றவை மூன்றாம் வகை. மூன்றாவதை முதல் ஆண்டில் தோராயமாகப் போட்டால் போதும். அடுப்பில் எரியும் அண்டித் தோட்டின் கரியமில வாயு தாவரத்திலிருந்து வந்தது என்பதால் அதைத் தனியே குறிக்க வேண்டும், விட்டுவிடக் கூடாது. பலரும் மறப்பது குளிரூட்டி வாயுவை. ஐஸ் ஆலைகளின் அம்மோனியாவால் புவி சூடேறுவதில்லை. ஆனால் விடுதிகளின் பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 என்ற குளிரூட்டி வாயு ஒரு கிலோ கசிந்தால், அது சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆகவே மெக்கானிக் ‘கேஸ்’ நிரப்பிவிட்டுத் தரும் சிட்டையையும் தூக்கி எறியாதீர்கள்.

ஈடு செய்வது கடைசி வேலை. கசிவை அடைத்து, பழைய மோட்டாரை மாற்றி, கூரையில் சூரியத் தகடு வைத்த பிறகு மிஞ்சுவதற்கு மட்டுமே கார்பன் வரவு, அதாவது வேறோர் இடத்தில் கரியமில வாயுவைக் குறைத்ததற்கான சான்று, வாங்க வேண்டும். நம் பணம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய வேலைக்குக் கொடுப்பது ஈடாகாது. முப்பந்தல் காற்றாலைகள் நம் கண்ணெதிரே சுழல்வதாலேயே, பழைய காற்றாலை வரவுகளை மலிவாக வாங்கும் ஆசை வரும். காற்றாலை, சூரிய மின் திட்டங்களுக்கு அதுவரை பின்பற்றப்பட்ட கணக்கு முறைகள் பலவற்றுக்கு, நிறுவனங்கள் தாமாக முன்வந்து இவ்வரவுகளை வாங்கும் தன்னார்வக் கார்பன் சந்தையின் தரத்தை வகுக்கும் உலகப் பேரவை 2024 ஆகஸ்டில் தன் தர முத்திரையை மறுத்துவிட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

2017 ஒக்கிப் புயலில் உறவுகளைப் பறிகொடுத்த கடற்கரை நம்முடையது. கடல் சூடேறச் சூடேறப் புயல்களின் வலுவும் கூடும் என்பதால், இதை வெறும் விளம்பர வேலையாக என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் சங்கங்கள் வரும் ஏப்ரல் முதல் உறுப்பினர்களின் கணக்குப் புத்தகத்தில் இதற்கென ஒரு பத்தியைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மின் ரசீது, டீசல் ரசீது, கேஸ் சிட்டை மூன்றையும் ஓராண்டுக்குத் திரட்டிக் கொண்டுவரும் எந்தச் சிறு ஆலைக்கும் முதல் கணக்கை நான் கட்டணமின்றிப் போட்டுத் தருவேன்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கர் ஒருவர்,
மார்த்தாண்டம்