கர்ப்ப காலச் சர்க்கரையில் எனக்குத் துணை நின்ற செவிலியர்களுக்கு

எங்கள் ஊரின் கிராம சுகாதாரச் செவிலியர் அம்மா அவர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும், வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுச் செவிலியர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

நேரில் நன்றி சொல்ல வரும்போதெல்லாம் "இது எங்க வேலைதானேம்மா" என்று சொல்லி அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

முதல் பரிசோதனையில் சரியாக இருந்த சர்க்கரை, 24 வாரத்துக்குப் பிறகு செய்த பரிசோதனையில் 140-ஐத் தாண்டியிருந்தது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்ததும் எனக்குக் குமட்டியது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பதால், செவிலியர் ஒருவர் என்னைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்து, நெற்றியைத் துடைத்துவிட்டபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லாத இந்தப் பரிசோதனை முறையை முன்னெடுத்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா என்றும், அவர் பிறந்த மார்ச் 10-ஆம் நாளே கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள் என்றும் அன்று அந்தச் செவிலியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து பேருந்து மாறி வரும் பெண்களுக்கு, இப்படிச் சாப்பிட்டுவிட்டே வர முடிவது எவ்வளவு பெரிய உதவி என்பது வந்து போகிறவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் அத்தை கலங்கிப்போனார். அக்கம்பக்கத்தார், இனிப்பை அதிகம் தின்றிருப்பாள் என்றார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அம்மா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, மாதம் ஏற ஏற நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது, இதில் யார்மேலும் குற்றமில்லை என்று அத்தையிடமே விளக்கினார். எனக்கு அன்று எந்த மருந்தையும்விட அந்தப் பேச்சுதான் பெரிதாக இருந்தது. பிறகு சமையலறைக்குள் வந்து, நாங்கள் அன்றாடம் என்ன சமைக்கிறோம், யார் முதலில் சாப்பிடுகிறார்கள், நான் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன் என்றெல்லாம் கேட்டார். கேழ்வரகுக் களி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அதிலும் மாவுச்சத்து இருக்கிறது, உருண்டையைச் சிறியதாக்கிக் கீரையையும் பயறையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். இலவம்பாடி கத்திரிக்காய்க் குழம்பை நிறுத்தச் சொல்வாரோ என்று பயந்த அத்தையிடம், குழம்பு இருக்கட்டும், அதற்குப் போட்டுக்கொள்ளும் சோற்றைத்தான் அளந்து போட வேண்டும் என்றார். சர்க்கரைக்குப் பயந்து பட்டினி கிடக்கவே கூடாது, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டும் என்பதையும் அத்தை எதிரிலேயே சொன்னதால், அதற்குப் பிறகு எனக்கு நேரத்துக்குத் தட்டு வந்தது.

இரண்டு வாரம் உணவைச் சரிசெய்தும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு 120-க்குக் கீழே இறங்காததால் மருத்துவர் இன்சுலின் எழுதினார். ஊசி பிள்ளையைப் பாதிக்குமோ என்று அழுதேன். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை என்று சொல்லி, புட்டியில் மருந்தின் செறிவு 40 என்று இருந்தால் ஊசியிலும் 40 என்று இருக்கிறதா எனப் பார்க்கவும், தொடையில் தினமும் இடம் மாற்றிப் போடவும், என் கையாலேயே போட வைத்துப் பழக்கினீர்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்றதும் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய மண்பானையில், புட்டி நனையாதபடி வைக்கும் முறையைக் காட்டினீர்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே ஒரு தம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கலந்து குடிக்க வேண்டும் என்பதை என் கணவரையும் திருப்பிச் சொல்ல வைத்தீர்கள். ஒரு மாலை அது பயன்பட்டது.

அடுக்கம்பாறையில் என் மகள் பிறந்தாள். தாயின் சர்க்கரைக்கு ஈடுகொடுத்துப் பழகிய பிள்ளையின் உடம்பு, தொப்புள்கொடியை வெட்டிய பிறகும் அதிக இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும் என்பதால், பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். அதனால் வார்டுச் செவிலியர்கள் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மகளை என் மார்போடு அணைத்துப் பால் குடிக்க வைத்தார்கள். இரவிலும் வந்து அவள் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அளவு 45-க்கு மேல் இருக்கிறது என்பதை, நான் கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிரசவத்தோடு சர்க்கரையை மறந்துவிடும் தாய்மார்கள் அதிகம். ஆறாவது வாரம் நீங்கள் தொலைபேசியில் அழைத்திருக்காவிட்டால் நானும் மறுபடியும் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போயிருக்க மாட்டேன். முடிவு நன்றாகவே வந்தது. ஆனாலும் பின்னாளில் எனக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதை மறைக்காமல் சொல்லி, அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்கான மாதத்தை அட்டையில் எழுதித் தந்திருக்கிறீர்கள். தவறாமல் வருகிறேன், அம்மா.

நன்றியுடன்,
அணைக்கட்டுப் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய்