இசைத்துறைப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக இசைத்துறைகளின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

பாடத்திட்டத்தைத் திருத்தும்போது ‘உலக இசை’ என்று ஒரு தாளைச் சேர்க்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு நாடு. மாணவர் சில ஒலிப்பதிவுகளைக் கேட்டு, எது எந்த ஊர் இசை என்று தேர்வில் எழுதுகிறார். மதிப்பெண் வந்துவிடுகிறது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தத் தாளுக்குப் பதிலாக, தமக்குப் பழக்கமில்லாத ஒரே ஒரு மரபை ஒவ்வொரு மாணவரும் ஓராண்டாவது வாசித்தோ பாடியோ கற்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது புது யோசனை இல்லை. ஓர் இசையை ஆராய்பவர் அதை வாசிக்கவும் கற்க வேண்டும் என்று அமெரிக்க இசை ஆய்வாளர் மேன்டில் ஹூட் 1960-லேயே வாதிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் தம் மாணவர்களை இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் வெண்கலத் தட்டுகளும் மணிகளும் சேர்ந்து ஒலிக்கும் கேமலான் என்ற வாத்தியத் தொகுதியின் கருவிகளுக்கு முன்னால் உட்காரவும் வைத்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1963-இல் மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனை வரவழைத்தது. அவரிடமும் அவர் தம்பி டி. விஸ்வநாதனிடமும் பயின்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸை நம் ரசிகர்கள் ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்றே கொண்டாடினார்கள்.

கேமலானையே எடுத்துக்கொள்வோம். நம் தாளத்தில் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, சமம் என்ற முதல் அடியில் தொடங்குகிறது. மேற்கத்திய இசையிலும் முதல் அடிக்குத்தான் அழுத்தம். ஜாவாவிலோ பெரிய காங் என்ற தொங்கும் வெண்கலத் தட்டு சுற்றின் முடிவில் ஒலிக்கிறது, எடையெல்லாம் கடைசி அடியில் போய் விழுகிறது. இதைப் படித்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் கை அதை ஏற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில்தான், இயல்பு என்று தான் நினைத்திருந்தது வெறும் பழக்கம் என்று மாணவருக்குத் தெரியவரும். அதுவும் ஒவ்வொரு கேமலானுக்கும் சுருதி தனி; ஒரு தொகுதியின் கருவியை இன்னொன்றில் சேர்த்து வாசிக்க முடியாது. சரியான சுருதி எது என்ற கேள்வியை இதைவிட நேராக எழுப்பும் வகுப்பு எனக்குத் தெரியவில்லை.

செவிப் பயிற்சியிலும் இதே சிக்கல்தான். ஆக்டேவை, அதாவது ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த ஸட்ஜம் வரையுள்ள தூரத்தை, பன்னிரண்டு சம பங்காக வெட்டிய அளவுகோலை வைத்தே எல்லாக் காதையும் அளக்கிறீர்கள். தோடி ராகத்தின் காந்தாரம் என்ற சுரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. நம் ராகங்களைப் போன்ற அரபு மகாம்களில் ஒன்றான ராஸ்தின் மூன்றாம் சுரம் பியானோவின் இரு கட்டைகளுக்கு இடையில் இருக்கிறது, ஊருக்கு ஊர் சற்று நகரவும் செய்கிறது. இவற்றைத் துல்லியமாகப் பாடும் மாணவர் உங்கள் தேர்வில் தவறாகப் பாடியவராகிவிடுகிறார்.

அப்புறம் ஆசிரியர்கள். பரம்பரையாக வாசித்துவரும் கலைஞரைப் பட்டம் இல்லை என்று பகுதிநேரத்தில் வைத்துக்கொண்டு, அவர் கலையைப் பற்றிய தாளைப் பட்டம் பெற்ற இன்னொருவரிடம் கொடுப்பது நியாயமே இல்லை. அவருக்கு முழுநேரப் பதவி வேண்டும். எப்படிக் கற்பிப்பது, எதைத் தேர்ச்சி என்று கொள்வது என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வாய்மொழியாகவே கற்றுத்தரும் மரபு என்றால் அவர் வகுப்பில் இசையை எழுதும் குறியீட்டைக் கட்டாயமாக்காதீர்கள்.

நேரம் எங்கே என்பீர்கள். உண்மைதான், எதையாவது குறைத்தே ஆக வேண்டும். உங்கள் துறை எந்த மரபில் வேரூன்றியிருக்கிறதோ அதன் கோட்பாட்டுத் தாள்களில் ஒன்றைக் குறையுங்கள். கர்நாடக இசைத்துறைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசும்போது அந்தக் கலைஞர்களையும் அழையுங்கள், வாக்குரிமையோடு.

இப்படிக்கு,
இசைக் கல்வியில் அக்கறையுள்ள ஒருவர்