செங்கொம்பு, எருதுக்கண், பெயரில்லாதது: ராஜாத்திக்கு ஒரு கடிதம்

திபிலிசி,
அக்டோபர்

அன்புள்ள ராஜாத்தி,

உன் கடிதம் கிடைத்தது. கவாத்து முடிந்து கொடி நன்றாகத் துளிர்த்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்ததைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. கயலுக்கு மருத்துவப் படிப்பில் இது கடைசி வருடம். நாள் முழுக்க மருத்துவமனையும் புத்தகமும்தான். ஆனாலும் வேளைக்குச் சாப்பிடுகிறாள், கவலைப்படாதே. அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

நான் வந்த நேரம் இங்கே ஜார்ஜியாவில் திராட்சை வெட்டும் காலம். ர்த்வேலி என்கிறார்கள். கம்பத்தில் நீங்கள் வருடம் முழுக்கப் பழம் பார்க்கிறீர்கள். இங்கே கொடி குளிர்காலம் முழுவதும் உறங்கிவிடும், அதனால் வருடத்துக்கு ஒரே வெட்டுதான். அந்தச் சில வாரங்களில் கிழக்கே காகெத்தி பக்கம் போனால் ஊரே தோட்டத்தில்தான் இருக்கிறது. பழத்தை மிதித்து, மண்ணில் கழுத்து வரை புதைத்த க்வெவ்ரி என்ற பெரிய சாடிகளில் ஒயினாகப் புளிக்க ஊற்றிவைக்கிறார்கள். இந்த முறையை 2013ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா, ஷுலாவெரி கோரா என்ற இரண்டு மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் ஒயினின் தடயம் இருப்பதாக 2017ல் ஆய்வு முடிவு வெளியானது. ஏறக்குறைய 8000 வருடப் பழமை.

ஆனால் நான் உனக்கு எழுத நினைத்தது ஒயினைப் பற்றி இல்லை, பெயர்களைப் பற்றி. தமிழ்நாட்டில் பாதிப் பரப்புதான் இந்த நாடு. இதற்குள் 500க்கும் மேற்பட்ட சொந்தத் திராட்சை ரகங்கள்! கொடியோடு வாழ்ந்த விவசாயிகள் வைத்த பெயர்கள் என்பது கேட்டவுடனே தெரிகிறது.

முதலில் ர்காட்சிதெலி. நாட்டிலேயே அதிகம் பயிராகும் வெள்ளை ரகம் இதுதான். ‘ர்கா’ என்றால் கொம்பு, ‘சிதெலி’ என்றால் சிவப்பு. பச்சை நிறப் பழத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மாட்டுக்கொம்புக்கும் முற்றிய கொடிக்கிளைக்கும் இவர்கள் மொழியில் ஒரே சொல்லாம். நமக்கும் அப்படித்தானே ராஜாத்தி? மாட்டுக்கும் கொம்பு, மரத்துக்கும் கொம்பு. அதனால் நான் இதைச் செங்கொம்பு என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். முற்றிய தண்டு உண்மையிலேயே செம்மை ஓடியிருக்கிறது. பழமே இல்லாத காலத்திலும் கொடியைப் பார்த்து ரகத்தைச் சொல்லிவிடலாம். கவாத்துக் கத்தி பிடித்தவர்தான் இந்தப் பெயரை வைத்திருக்க முடியும். த்ஸெல்ஷாவி என்று மேற்கில் ஒரு ரகம் உண்டு, அதற்கு ‘கருங்கட்டை’ என்று அர்த்தம். அதுவும் இதே கண்ணால் பார்த்து வைத்த பெயர்தான்.

அடுத்தது சாபெராவி. சாயம் கொடுப்பது என்று பொருள். உன் பந்தலில் தொங்கும் பன்னீர்த் திராட்சையைப் பிதுக்கினால் தோல்தான் கறுப்பு, உள்ளே சதை வெளிறித்தான் இருக்கும். உலகத்தில் பெரும்பாலான கறுப்புத் திராட்சைகள் அப்படித்தான். சாபெராவியோ சதையும் சிவப்பு. பிழிந்தால் கை கறுத்துவிடுகிறது. வெளிறிய ஒயினுக்கு நிறம் ஏற்றவும் இதைக் கலந்திருக்கிறார்கள். பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது. மேற்கே இமெரெத்தி வட்டாரத்தில் ஓட்ஸ்கானா என்ற ஊரின் பெயரோடு ஓட்ஸ்கானுரி சாபெரெ என்று இன்னொரு ரகம் இருக்கிறது. அதற்கும் அதே நிற வேர்தான்.

இன்னும் கேள். கரிஸ்த்வாலா, எருதுக்கண். ம்த்ரெடிஸ்பேகி, புறாக்கால். க்ருபெலா, மேகம். க்ராகுனா என்றால் இமெரெத்திப் பேச்சில் மொறுமொறுப்பு. நன்கு பழுத்த பழத்தைக் கடித்தால் கேட்கிற சத்தம்தான். சிட்டிஸ்த்வாலா என்றும் ஒன்று உண்டு, சிறு பறவையின் கண். சின்னப் பறவைக்கு இவர்கள் சொல் ‘சிட்டி’. தற்செயல்தான், இருந்தாலும் நம் சிட்டுக் கண் இங்கே கொடியில் தொங்குவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

எல்லாவற்றிலும் என் மனதில் நின்றது ஓஜாலேஷி. இது ஜார்ஜிய மொழிப் பெயர்கூட இல்லை. மேற்கே சமெக்ரெலோவில் பேசும் மெக்ரேலிய மொழியில் ‘ஜா’ என்றால் மரம். மரத்தின் மேல் வளர்வது என்று பெயருக்குப் பொருள். அந்தப் பக்கம் மழையும் ஈரமும் அதிகம். தரையோடு விட்டால் பழம் அழுகும் என்று கொடியை ஆல்டர், மல்பெரி போன்ற மரங்களில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இந்த முறைக்கு மக்லாரி என்று பெயர். பழம் பழுக்க நவம்பர் ஆகிவிடும். அப்போது ஆட்கள் மரத்தில் ஏறி, கீழே கூம்பி நீண்ட கிதெலி என்ற கூடையில் கொத்துகளை நிரப்பி, கயிற்றில் கட்டி இறக்குவார்களாம். கூடை அப்படிக் குறுகலாக இருப்பதே கிளைகளுக்குள் சிக்காமல் இறங்கத்தான். 19ஆம் நூற்றாண்டில் சாம்பல் நோய் வந்தது, பின்னாலேயே வேரைத் தின்னும் ஃபில்லாக்சரா பூச்சி வந்தது. உயரத்தில் படர்ந்த கொடிக்கு மருந்து அடிப்பது எப்படி? மரத்துக்கொடிகள் பெரும்பாலும் போய்விட்டன. இன்று ஓஜாலேஷி, ஒட்டுக்கட்டிய நாற்றாகக் கம்பியில் வரிசையாக நிற்கிறது. மரத்தைப் பற்றிய நினைவு அதன் பெயரில்தான் தங்கியிருக்கிறது.

அசுரெத்துலி ஷாவி என்ற ரகத்தின் கதை வேறு மாதிரி. ‘அசுரெத்தி ஊரின் கறுப்பு’ என்று அர்த்தம். திபிலிசிக்குத் தென்மேற்கே இருக்கும் அந்த ஊரை 1818ல் ஜெர்மனியிலிருந்து வந்த குடியேறிகள் எலிசபெத்தால் என்ற பெயரில் அமைத்தார்கள். அவர்களில் ஷால் என்ற ஒருவர் காட்டில் கிடந்த கொடியைக் கண்டெடுத்துத் தோட்டத்தில் வளர்த்ததாகச் சொல்கிறார்கள். அவர் பெயராலும் இந்த ரகம் வழங்கிவந்தது. 1941ல் ஸ்டாலின் அரசு அந்த ஜெர்மானியர்களை மத்திய ஆசியாவுக்கு விரட்டிவிட்டது. கொடி இங்கேயே நின்றுவிட்டது. கண்டெடுத்தவரின் பெயரும் முழுக்கப் போய்விடவில்லை, இன்றும் சிலர் ஷாலா என்கிறார்கள்.

பெயரே இல்லாததற்கும் ஒரு பெயர் இருக்கிறது. லெச்சுமி மலைச்சரிவில் சொற்பமாக விளையும் கறுப்பு ரகத்துக்கு உசாகெலவுரி என்று பெயர். ‘பெயரில்லாதது’ என்று அர்த்தம். விளைச்சல் குறைவு, சரிவு செங்குத்து, அதனால் விலை கண்ணைக் கட்டும்.

கடைகளில் பார்க்கும் புகழ்பெற்ற ஒயின் பெயர்கள் பெரும்பாலும் திராட்சையின் பெயர்களே இல்லை. முகுசானி, கிண்ட்ஸ்மரவுலி இரண்டும் சாபெராவிதான். குவாஞ்ச்காரா ராச்சா மலைப்பகுதியில் அலெக்சாண்ட்ரவுலி, முஜுரெத்துலி என்ற இரண்டு ரகங்கள் சேர்ந்தது. புட்டியில் நிற்பது இடத்தின் பெயர், விற்பனைக்கு அது வசதி. எனக்கு அதில் வருத்தம்தான். ஊர்ப்பெயரைப் படித்தால் பழம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். எருதுக்கண், செங்கொம்பு என்று கேட்டால் அந்தக் கொடியை ஒருவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்பதும் தெரிகிறது.

சோவியத் காலத்தில் விளைச்சல்தான் கணக்கு. சில ரகங்கள் மட்டும் ஏக்கர் கணக்கில் பெருகின, மற்றவை வீட்டுக் கொல்லைகளுக்கு ஒதுங்கின. 1985ல் கோர்பசேவின் மதுவிலக்கு இயக்கம் வந்து ஏராளமான தோட்டங்களை அழித்தது. தப்பித்தவற்றுக்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, கொல்லையில் தாத்தா நட்டதை வெட்ட மனம் வராத குடும்பங்கள். இன்னொன்று, பெயர்களை உட்கார்ந்து எழுதியவர்கள். நிகோ கெட்ஸ்கோவெலி உட்பட மூன்று அறிஞர்கள் 1960ல் தொகுத்த பட்டியல்தான் இன்றும் அடிப்படை. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் தேட முடிந்தது. சாகுராமோ அருகே ஜிகவுராவில் அரசின் சேகரிப்புத் தோட்டம் இருக்கிறது. 400க்கும் மேற்பட்ட உள்நாட்டு ரகங்களை அங்கே காப்பாற்றி, நாற்றாக விவசாயிகளுக்கும் கொடுக்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் மாமனார் காலத்தில் பந்தலில் பன்னீர் தவிர வேறென்ன ரகங்கள் இருந்தன, வேலையாட்கள் அவற்றை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று அண்ணனிடம் கேட்டு எழுது. பழைய ஆட்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேள். மறந்துவிடும் முன் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடு.

அப்புறம், கயலின் தோழி டிசம்பரில் மதுரை வருகிறாள். அவளிடம் சுர்ச்கேலா கொடுத்தனுப்புகிறேன். அக்ரூட்டை நூலில் கோத்து, திராட்சைச் சாற்றில் மாவு சேர்த்துக் காய்ச்சிய கூழில் தோய்த்துக் காயவைப்பது. நூலை உருவிவிட்டுச் சாப்பிடு. அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒரு துண்டுக்கு மேல் கொடுக்காதே.

அன்புடன்,
மங்கை