கதையில் அவனுக்கும் ஒரு வேலை கொடு

அன்பு மகள் முத்துலட்சுமிக்கு,

அம்மா எழுதுவது. அம்பாசமுத்திரத்தில் எல்லோரும் சுகம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

கதை வாசித்தால் இரண்டு பக்கத்துக்குள் எழுந்து ஓடிவிடுகிறான் என்று போனில் வருத்தப்பட்டாய். மூன்று வயதுப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு எப்படியம்மா உட்காருவான்? அவன் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறாய். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொன்னதும், குடம் அடிப்பவரும் உடுக்கைக்காரரும் 'ஆமா' போடுவார்கள். அந்த 'ஆமா' விழுந்தால்தான் கதை நகரும். பேரனையும் அப்படிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

தாகம் எடுத்த காக்கா கதையில் தொடங்கு. பெரிய கல் நுழைகிற வாயுள்ள பிளாஸ்டிக் ஜாடி ஒன்று எடுத்து, பாதிக்கு மேலேயே தண்ணீர் ஊற்று. குறைவாக ஊற்றினால் எத்தனை கல் போட்டாலும் தண்ணீர் கற்களின் இடுக்கிலேயே நின்றுவிடும், மேலே ஏறாது, பிள்ளை ஏமாந்துபோவான். கீழே பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள். "காக்கா அப்புறம் என்ன செஞ்சுது?" என்று கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு. கல்லைப் போடுவது அவன்தான். அவன் போடும்வரை அடுத்த வரியைச் சொல்லாதே, எவ்வளவு நேரமானாலும் சரி. பொருளை நீயே கையில் வைத்து ஆட்டிக் காட்டினால் அவனுக்கு அது வெறும் வேடிக்கைதான்.

கல் பெரிதாக இருக்கட்டும். டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழலுக்குள் நுழைகிற எதையும் இந்த வயதில் கையில் கொடுக்காதே, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குன்றிமணி வீட்டிலேயே வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் மென்று விழுங்கினால் கொடிய விஷம்.

கதையில் மழை வந்தால் நான் சொளகில் உளுந்தைப் போட்டு மெல்லச் சாய்ப்பேன், சரசரவென்று தூறல் சத்தம் வரும். அங்கே அதையே ஒரு பாட்டிலில் போட்டு, மூடியை டேப்பால் இறுக ஒட்டி அவனிடம் கொடு. மழை எப்போது வர வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அவனே முடிவு செய்யட்டும். உன் பழைய துப்பட்டா ஒன்றும் போதும். தரையில் நீட்டிப் போட்டால் தாமிரபரணி, தோளில் போட்டால் காக்கா இறக்கை.

ஒரு கதைக்கு ஒரு பொருள், மிஞ்சினால் இரண்டு. கூடை நிறையக் கொட்டினால் கதையை விட்டுவிட்டு விளையாடப் போய்விடுவான். போனாலும் திட்டாதே, நேற்றுச் சொன்ன கதையையே நாளைக்கும் சொல். பாதி கதை மனப்பாடமான பிறகுதான் அவன் வாயே திறப்பான். காக்கா கல்லுக்குப் பதிலாக இட்லியைப் போட்டது என்று சொன்னாலும் திருத்தாதே.

நம் ஊர் மரச் சொப்புச் சாமான் ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன். கடைசல் பிடித்து அரக்கு வண்ணம் ஏற்றியது. வடை சுட்ட பாட்டி கதைக்கு அடுப்பும் சட்டியும் அதிலேயே இருக்கின்றன. பொடிசாக உள்ளதை எடுத்துவிட்டு, மற்றதைப் பனையோலைக் கொட்டானில் வைத்து பார்சல் போடுகிறேன். கதை நேரத்துக்கு மட்டும் கொட்டானைத் திற, மற்ற நேரம் உயரத்தில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. அன்றைக்கு அவன் கதை சொல்லட்டும், ஆச்சி 'ஆமா' போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா