உறையிலேயே செலவுக் கணக்கை அச்சிட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1970-களின் பிற்பாதியில் பிரிட்டனில் வெடித்த முரட்டு ராக் இசையான பங்க் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, சேஃப்டி பின், கிழிந்த சட்டை, விறைத்த தலைமுடி என்று பாதி இடத்தை நிரப்பிவிட்டு செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவோடு முடிந்துவிட்டது. அந்தக் குழு 1976 அக்டோபர் முதல் 1977 மே வரையிலான சில மாதங்களில் இஎம்ஐ, ஏ அண்ட் எம், வர்ஜின் என மூன்று இசைத்தட்டுக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. இன்னொரு பங்க் குழுவான தி கிளாஷ் 1977 ஜனவரியில் சிபிஎஸ் என்ற பெரிய கம்பெனியில் சேர்ந்தது. கம்பெனி இசையைத் திட்டிய பாட்டைக் கம்பெனிகளே விற்றுக் காசாக்கின.

அதே ஜனவரியில் மான்செஸ்டரிலிருந்து வெளிவந்த ஒரு தட்டைக் கட்டுரை தொடவேயில்லை. பஸ்காக்ஸ் குழுவினர் 500 பவுண்டு கடன் வாங்கி, நான்கு பாட்டுகளை 1976 டிசம்பரில் ஒரே நாளில் பதிந்து, 'நியூ ஹார்மோன்ஸ்' என்று சொந்த லேபிள், அதாவது தட்டு வெளியிடும் சிறு நிறுவனம், தொடங்கி, 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' தட்டை முதலில் 1,000 பிரதி அச்சிட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக் (எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது), பிறகு மேலே கிட்டார் சேர்த்ததா (ஓவர்டப்) இல்லையா என்பதை உறையிலேயே போட்டார்கள். ஒரு பாட்டுக்கு மூன்றாவது டேக், ஓவர்டப் கிடையாது. மாதக்கணக்கில் மெருகேற்றிய ஆல்பங்கள் கோலோச்சிய காலத்தில் இப்படி அச்சிட நெஞ்சுரம் வேண்டும்.

1978-ல் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போய், தங்கள் முதல் தட்டின் உறையில் செலவையே எழுதிவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் 14 மணி நேர ஒலிப்பதிவு, நாடாவோடு சேர்த்து 98 பவுண்டு. அச்சுக்கு மூலமான அரக்குத் தட்டில் ஒலித்தடத்தை வெட்ட 40. அதற்கு உலோக முலாம் போட 27. 2,500 பிரதி அச்சிட 369 பவுண்டு 36 பென்ஸ். தட்டின் நடுவில் ஒட்டும் வெள்ளைத் தாளில் குத்த ரப்பர் ஸ்டாம்ப் 8. கூட்டிப் பார்த்தால் பிரதிக்குச் சுமார் 22 பென்ஸ், உறை தனி. எங்கே போவது என்று முகவரிகளும் இருந்தன. 'எங்களை விட்டால் உனக்கு வழியில்லை' என்ற கம்பெனியின் பேச்சுக்கு இதைவிடக் கடுமையான பதில் எந்தப் பாட்டிலும் இல்லை என்பேன்.

சிக்கல்களும் இருந்தன. ஒரு பக்கத்தில் அதிக நேரத்தைத் திணித்தால் ஊசி ஓடும் வரித்தடங்களை நெருக்கி வெட்ட வேண்டும்; சத்தம் குறையும். உட்பக்கத் தடங்களில் 'ஸ' ஓசை கரகரக்கும். இவற்றைச் சரிசெய்துவிடலாம். பணச் சுழற்சிதான் ஆளைச் சாய்த்தது. அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும், கடைக்காரரோ விற்ற பிறகே தருவார். முதல் அச்சு விற்றுத் தீர்ந்தும் அடுத்த அச்சுக்குக் காசிருக்காது. லண்டனின் ராஃப் டிரேட் என்ற இசைத்தட்டுக் கடை வட்டாரக் கடைகளைச் சேர்த்து விநியோக வலை பின்னியது இதனால்தான். அந்த விநியோக நிறுவனம் 1991-ல் நொடித்தபோது, பாக்கி வராமல் சிறு லேபிள்கள் பல தள்ளாடின. பஸ்காக்ஸும் 1977 ஆகஸ்டிலேயே யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் என்ற பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தொடரின் அடுத்த பகுதியில் உடைப் படங்களைக் குறைத்து, இந்த இரண்டு உறைகளின் எழுத்துகளையும் வாசிக்கும் அளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்