கதை சொல்லும் கூடல்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, இன்று முதன்முறையாக வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை வாசிக்கிறேன். சிறை சென்று வந்தவர்களும் சிறையில் இருப்பவர்களின் குடும்பத்தாரும் பட்டதைச் சொல்லிப் பகிர்ந்துகொள்ள, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூடுவது நம் வழக்கம். இந்த ஆண்டு ஒன்பது முறைதான் கூட முடிந்தது. காரணம் இடம். நாம் கூடிவந்த மாடி அறையை அதன் உரிமையாளர், "ஜெயில் கேஸ்காரங்க வந்து போறாங்கன்னு தெருவுல பேச்சு வருது" என்று சொல்லித் திரும்பக் கேட்டுவிட்டார். நாம் சண்டைக்கு நிற்கவில்லை. ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த நம் பொருளாளர் அக்கா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் ரிமாண்டில் இருந்தபோது குடியிருந்த வீட்டையே இதே காரணத்துக்காகக் காலி செய்தவர் அவர். மூன்று மாதம் கழித்து, பாளையங்கோட்டையில் ஓர் உறுப்பினர் தன் வீட்டு முற்றத்தைத் தந்தார். அங்கேதான் இப்போது கூடுகிறோம். அவருக்கு நம் அனைவரின் நன்றி.

புதியவர்களுக்காக நம் முறையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே யாரும் யாரிடமும் "உன் வீட்டுக்காரர் என்ன செய்தார்?" என்று கேட்பதில்லை. வழக்கைப் பற்றிப் பேசுவதும் இல்லை. அப்பீல் நிலுவையில் இருப்பவர்கள் உண்டு. வெளியே போகும் ஒரு சொல் அவர்களுக்குப் பாதகமாகிவிடலாம். மனு பார்க்க, அதாவது சிறையில் இருப்பவரைச் சந்திக்கப் போய்க் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தியது, ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேடி அலைந்தது, வாய்தா வாய்தாவாகக் கழிந்த வருஷங்கள், வெளியே வந்தவருக்கு விளக்கை அணைத்தால் தூக்கம் வராமல் போனது, இவற்றைத்தான் பேசுகிறோம். சொன்னதை நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் அப்படியே எழுதுகிறார்கள். சொன்னவருக்கே வாசித்துக் காட்டி, அவர் அடிக்கச் சொன்ன வரிகளை அடித்த பிறகு, நோட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. சங்கத்தில் நகல் வைத்துக்கொள்வதில்லை. புத்தகமாகப் போடலாமே என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள். எஃப்.ஐ.ஆரும் குற்றப்பத்திரிகையும் இந்தக் குடும்பங்களைக் கேட்டு எழுதப்பட்டவை அல்ல. இந்த ஓர் எழுத்தாவது அவர்கள் பெட்டிக்குள் இருக்கட்டும் என்பது என் எண்ணம். பொதுக்குழு வேறு முடிவெடுத்தால் கட்டுப்படுகிறேன்.

ஜூன் கூடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொன்னவரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அவர் பீடி சுற்றும் ஓர் அம்மா. கணவர் கடலூர் மத்திய சிறையில் இருக்கிறார். பிள்ளைகளிடம் "அப்பா பம்பாயில வேலை பாக்காங்க" என்று சொல்லி வைத்திருந்தார். கடிதம் வரும்போதெல்லாம் சிறை முத்திரை விழுந்த ஓரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் படித்துக் காட்டுவார். ஒருநாள் மகனின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது, கிழித்த ஓரங்கள் அத்தனையும் உள்ளே அடுக்கியிருந்தன. பையன் ஆறாம் வகுப்பு. "அப்பா கடுதாசிதானம்மா, எதுக்குக் குப்பையில போடுதெ?" என்று கேட்டானாம். அவர் இதைச் சொல்லி முடித்ததும் அங்கேயே மூன்று பேர் அடுத்தடுத்துப் பேசினார்கள். ஒருவர் வீட்டில் அந்தப் பொய் துபாய், இன்னொருவர் வீட்டில் கப்பல் வேலை, மற்றவர் வீட்டில் கேரளா. அடுத்த மாதமே அந்த அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கு இரவு பஸ் ஏறினார்.

செப்டம்பர் கூடல் வ.உ.சி. பிறந்தநாளை ஒட்டி அமைந்தது. 1908 ஜூலை 7 அன்று நம் நெல்லை செஷன்ஸ் நீதிமன்றத்தில் அவருக்கு 40 ஆண்டு தண்டனை விதித்தார் நீதிபதி பின்ஹே. அதைக் கேட்டுப் புத்தி பேதலித்துப் போன தம்பி மீனாட்சிசுந்தரத்தைப் பற்றி ஒரு பெரியவர் சொன்னார். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு சென்னை கிண்டியில் பார்வைக்கு இருக்கிறது. "அந்தத் தம்பிக்கு என்ன இருக்கு?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அன்று பேச்சு அதற்கு மேல் அவரவர் வீட்டுத் தம்பி, தங்கைகளைப் பற்றியே போனது.

அதே மாதம் 15ஆம் தேதி அண்ணா பிறந்தநாள். ஆயுள் தண்டனைக் குடும்பங்கள் எல்லா வருஷமும் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருப்பவை. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி 1,405 ஆயுள் கைதிகள் விடுதலையானார்கள். 2021இல் 700 பேரை விடுவிக்கும் அறிவிப்பு வந்தது. பட்டியலில் பெயர் இல்லாத வீட்டில் மறுநாள் காலை எப்படி விடிகிறது என்பதை நம் கூடலில் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 3 அன்று சிறைகளில் சாதிப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கலத்தையே நீக்கச் சொன்னது. சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததற்காகப் பாளையங்கோட்டைச் சிறையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. அந்த மாதக் கூடலில், பல வருஷங்களுக்கு முன் வேறொரு சிறையில் இருந்தவர் சொன்னார்: "உள்ள போனதும் எந்த ஊருன்னு கேப்பாங்க. ஊரைச் சொன்னா போதும், எந்த பிளாக்னு முடிவாயிரும்." புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்ஸில் விசாரணைக் கைதிகளுக்கான 479ஆம் பிரிவையும் ஒரு வழக்கறிஞர் வந்து விளக்கினார். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் அவரை ஜாமீனில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது பொருந்தாது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஆயுள் தண்டனை முடித்து வந்த நம் உறுப்பினர் உள்ளே தறி நெய்தவர். கைதியின் கூலியில் ஒரு பங்கு, பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. "நான் நெய்ஞ்ச காசு அந்த வீட்டுக்குப் போய்ச் சேந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. கேக்கவும் தைரியமில்ல" என்றார். அந்த வரியை அடிக்கட்டுமா என்று எழுதிய பிள்ளை கேட்டது. இருக்கட்டும் என்றார். எதிர்த்தரப்புக் குடும்பங்களையும் ஒருநாள் நம் முற்றத்துக்கு அழைக்க முடியுமா என்று செயற்குழுவில் இருமுறை பேசினோம், முடிவு எட்டவில்லை. அவசரப்படக் கூடாத காரியம் இது என்று நினைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மனு நாட்களில் முதல்முறை வரும் பெண்கள் ஆதார் நகல் எங்கே எடுப்பது, பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறார்கள். கூட நிற்க ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள், எந்தக் கிழமை என்பதைக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்